வெள்ளத்தில் நின்ற நெல்: எது பிழைக்கும், எது பதராகும்

நெல் தண்ணீருக்குள் நிற்கிற பயிர்தானே, அது எப்படி வெள்ளத்தில் அழியும்? கொழும்பில் பிறந்து வளர்ந்த பிள்ளைகள் மட்டுமல்ல, வன்னியில் வயல் வைத்திருந்த குடும்பங்களிலிருந்து வெள்ளவத்தைக்கும் கொட்டாஞ்சேனைக்கும் வந்து இரண்டு தலைமுறை ஆன பெரியவர்களும் இதைக் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். வெள்ளச் செய்தி வரும்போதெல்லாம் நமக்குக் கிடைப்பது ஏக்கர் கணக்கு மட்டும். இன்ன மாவட்டத்தில் இத்தனை ஆயிரம் ஏக்கர் நீரில் மூழ்கியது என்பார்கள். அந்த ஏக்கர்களில் ஒன்று முழு விளைச்சலையும் தரக்கூடும், அடுத்தது பாதி தரும், மூன்றாவதில் வெட்டு இயந்திரம் இறக்குகிற செலவுக்குக்கூட நெல் தேறாது. மூன்றுமே அதே நாளில் மூழ்கிய வயல்களாக இருக்கலாம்.

வித்தியாசத்தைத் தீர்மானிப்பவை மூன்று. இலையில் எவ்வளவு தண்ணீருக்கு மேலே நின்றது, எத்தனை நாள் மூழ்கிக் கிடந்தது, அப்போது பயிருக்கு என்ன வயது. இந்த மூன்றிலும் வயதுக்குத்தான் நான் அதிக இடம் கொடுப்பேன். அதற்கு முன்னால் செடிக்குள் நடப்பதைக் கொஞ்சம் பார்த்துவிடுவோம்.

வேர் எப்படி மூச்சு விடுகிறது

வேருக்கும் ஒட்சிசன் வேண்டும். மிளகாய், கத்தரி, வெங்காயம் போன்ற மேட்டுநிலப் பயிர்கள் மண் துகள்களுக்கு இடையிலுள்ள காற்றிலிருந்து அதை எடுத்துக்கொள்கின்றன. மண் முழுக்கத் தண்ணீர் நிறைந்துவிட்டால், மிஞ்சியிருக்கிற ஒட்சிசனை மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் ஓரிரண்டு நாளில் தீர்த்துவிடும். தண்ணீரில் வாயுக்கள் பரவும் வேகம் காற்றில் பரவுவதைவிடச் சுமார் 10,000 மடங்கு குறைவு. ஆகவே மேலேயிருந்து புதிதாக எதுவும் இறங்கி வராது. வேர் அழுகும், மிளகாய்ச் செடி வாடிச் சாய்ந்துவிடும்.

நெல் இந்தச் சிக்கலுக்கு வேறு வழி வைத்திருக்கிறது. அதன் இலையுறையிலும் தண்டிலும் வேரிலும் காற்று நிரம்பிய நீண்ட வெற்றிடங்கள் உண்டு. இலை உள்ளிழுக்கிற காற்று இந்தக் குழாய்கள் வழியாகக் கீழே இறங்கி வேர்நுனிவரை போகிறது. போதாதற்கு, சேற்றில் வளரும் நெல் வேர் தன் மேற்பரப்பைச் சுற்றி ஒரு தடுப்பையும் கட்டிக்கொள்கிறது. வழியில் ஒட்சிசன் கசிந்து மண்ணுக்குள் வீணாகாமல் அது பார்த்துக்கொள்ளும். வயலில் இரண்டு அங்குலத் தண்ணீர் நின்றாலும் நெல் சௌகரியமாக இருப்பதற்கு இதுதான் காரணம்.

உண்மையில் நெல்லுக்கு அந்த நிற்கிற தண்ணீர் கட்டாயத் தேவையும் இல்லை. மண் ஈரமாக இருந்தாலே போதும், வளர்ந்துவிடும். கமக்காரர் தண்ணீர் கட்டுவதன் பெரிய லாபம் களைக் கட்டுப்பாடு. முளைக்கப் பார்க்கிற புல்லும் கோரையும் தண்ணீருக்குள் மூச்சுத் திணறும், நெல்லுக்கு ஒன்றும் ஆகாது.

ஆனால் இந்த ஏற்பாடு முழுக்க ஒரு நிபந்தனையின் மேல் நிற்கிறது: இலையின் ஒரு பகுதியாவது வெளியே இருக்க வேண்டும். குழாயின் மேல்வாய் தண்ணீருக்குள் போய்விட்டால் வேருக்கு மட்டுமல்ல, முழுச் செடிக்கும் காற்று அறுந்துவிடும். வயலில் தண்ணீர் நிற்பதற்கும் பயிர் மூழ்குவதற்கும் உள்ள எல்லை அங்கேதான் இருக்கிறது. முழங்கால் அளவு தண்ணீர் இரண்டு மாதப் பயிருக்கு ஒரு தொல்லை மட்டுமே. இருபது நாள் பயிருக்கு அதே முழங்கால் அளவு தலைக்கு மேலே போன வெள்ளம்.

மூழ்கிய செடிக்குள்

மூழ்கிய இலைக்கு முதல் அடி ஒளியில் விழுகிறது. தெளிந்த தண்ணீரென்றால் ஓரளவு வெளிச்சம் இறங்கும், ஒளித்தொகுப்பு மெதுவாக நடக்கும், அதில் உண்டாகும் ஒட்சிசனும் செடிக்கே உதவும். நெல் இலை தண்ணீரை ஒட்டவிடாத மெழுகுத் தன்மை கொண்டது. மூழ்கிய புதிதில் இலைமேல் ஒரு மெல்லிய காற்றுப் படலம் வெள்ளி பூசினாற்போல் ஒட்டிக்கொண்டிருக்கும், வாயு மாற்றம் அதன் வழியாகச் சில நாட்கள் ஓடும். நம்முடைய வெள்ளமோ பெரும்பாலும் கலங்கல். குளம் வான் பாய்ந்து வருகிற செம்மண் தண்ணீரில் அரை அடிக்குக் கீழே வெளிச்சமே இருக்காது. வண்டல் இலையில் படியும், காற்றுப் படலமும் போய்விடும்.

ஒளித்தொகுப்பு நின்றாலும் செடி உயிரோடு இருக்கச் சக்தி வேண்டும். ஒட்சிசன் இருந்தால் ஒரு குளுக்கோசு மூலக்கூற்றிலிருந்து முப்பதுக்கு மேற்பட்ட சக்தி அலகுகளைக் கறக்கலாம். ஒட்சிசன் இல்லாமல் நொதித்தல் முறையில் எடுத்தால் கிடைப்பது வெறும் 2. அதே வேலையைச் செய்யப் பல மடங்கு மாச்சத்தை எரித்தாக வேண்டும். சம்பளம் நின்றுபோன வீட்டில் செலவு மட்டும் பத்து மடங்கு ஏறினால் சேமிப்பு எத்தனை நாளைக்குத் தாங்கும், அதுதான் மூழ்கிய நெல்லின் நிலை. தண்டிலும் இலையுறையிலும் சேர்த்து வைத்த மாச்சத்துத் தீர்கிற நாளில் செடியும் தீர்ந்துவிடும்.

இதிலே இன்னொரு விபரீதமும் நடக்கிறது. செடிகள் எதிலீன் என்ற வாயுவை எப்போதும் சிறிதளவு வெளிவிட்டுக்கொண்டிருக்கும். மூழ்கிய செடியிலிருந்து அது வெளியேற முடியாமல் உள்ளேயே தேங்கும். எதிலீன் கூடினால் ஜிபரெலின் என்கிற வளர்ச்சி ஓமோன் வேலையைத் தொடங்கும். இலையும் தண்டும் விறுவிறுவென்று நீளும். தண்ணீருக்கு மேலே தலையைத் தூக்கிவிட வேண்டும் என்பதுதான் செடியின் முயற்சி. தண்ணீர் மெல்ல ஏறி மாதக்கணக்கில் நிற்கிற இடத்தில் அது நல்ல உத்தி. ஒரே இரவில் நான்கு அடி ஏறி ஒரு வாரத்தில் வடிகிற வெள்ளத்தில் அதுவே செடியைக் கொல்கிறது. இருக்கிற மாச்சத்தையெல்லாம் நீளுவதற்குச் செலவழித்துவிட்டு, தண்ணீர் வடியும்போது நூல் மாதிரி மெலிந்த செடி நிற்க மாட்டாமல் சேற்றில் படுத்துவிடும்.

சாதாரணமாகப் பயிரிடும் இனங்கள் முழுதாக மூழ்கி ஒரு வாரத்துக்குக் கிட்டப் போனால் பெருமளவு செத்துவிடும். இந்தக் கெடு கல்லில் எழுதியதல்ல. தண்ணீர் குளிர்ந்து, தெளிந்து, மெல்ல ஓடிக்கொண்டிருந்தால் இன்னும் சில நாள் தாங்கும். சூடான, கலங்கிய, தேங்கிய தண்ணீர்தான் மிக மோசம். சூட்டில் செடி வேகமாகச் சுவாசிக்கும், அதே சூட்டில் தண்ணீர் பிடித்து வைக்கிற ஒட்சிசனும் குறையும். மழை விட்டு நல்ல வெயில் எறித்து, வயலிலோ தண்ணீர் அசையாமல் நிற்கிற நாட்களைத்தான் அனுபவப்பட்ட கமக்காரர் மழை நாட்களைவிட அதிகம் பயப்படுவார்.

தண்ணீர் வடிந்த அன்றைக்கும் ஆபத்து முடிவதில்லை. இத்தனை நாள் இருட்டிலும் ஒட்சிசன் பஞ்சத்திலும் கிடந்த இலை திடீரென்று முழு வெயிலையும் முழுக் காற்றையும் சந்திக்கும்போது, கலங்களைச் சிதைக்கிற ஒட்சிசன் மூலிகங்கள் உள்ளே பெருகும். வேர் பழுதாகியிருப்பதால் நீரை உறிஞ்சவும் முடியாது. வடிந்த முதல் நாள் பச்சையாகத் தெரிந்த வயல் மூன்றாம் நாள் வைக்கோல் நிறமாக மாறுவது இதனால்தான். வெள்ளம் வடிந்த மறுநாளே சேதத்தை மதிப்பிட்டு அறிக்கை எழுதுகிறவர்கள் இரண்டு பக்கமும் தவறக்கூடும் என்பது என் எண்ணம். பிழைக்கும் என்று எழுதியது சாகும், செத்தது என்று எழுதியது துளிர்க்கும்.

பயிரின் வயது

இலங்கையில் பெரும்போகம் வடகீழ்ப் பருவமழையோடு வருவது. வடக்கிலும் கிழக்கிலும் பெரும்பாலும் செப்டெம்பர் கடைசியிலிருந்து நவம்பர் வரை விதைப்பு, தை மாசியில் அறுவடை. நாற்று நடுவது அரிது, வீசி விதைப்பதே வழக்கம். சிறுபோகம் சித்திரை வைகாசியில் தொடங்கி ஆவணியோடு முடியும். பெரும்போகத்தில் மழையும் பயிரும் ஒன்றாகவே வளர்கின்றன. அதனால் வெள்ளம் எந்த மாதம் வந்தது என்று சொன்னாலே பயிர் எந்த நிலையில் இருந்தது என்று ஓரளவு ஊகிக்கலாம்.

விதைத்த புதிதில் வந்தால்: நெல் விதை ஒட்சிசன் இல்லாமலும் முளை விடக்கூடிய அபூர்வமான விதை. ஆனால் அப்படி முளைப்பது அரைகுறை முளைப்பு. வெளிறிய ஒரு முளையுறை மட்டும் மேலே நீளும், வேரும் இலையும் வராது. அந்த முளை தண்ணீர் மட்டத்தைத் தொட்டுவிட்டால் பிழைக்கும், தொடாவிட்டால் அழுகும். நீரோட்டம் இருந்தால் விதை முழுவதும் ஒரு மூலையில் போய் ஒதுங்கும். வடிந்த பிறகு வரம்போரம் கற்றை கற்றையாகவும் நடுவயல் மொட்டையாகவும் இருக்கும். இழப்பு விதைநெல்லும் உழவுக் கூலியும்தான். வலிக்கும், ஆனால் திரும்ப விதைக்கக் காலம் இருக்கும்.

மட்டம் வெடிக்கிற பருவம், அதாவது விதைத்து மூன்று வாரத்திலிருந்து ஆறேழு வாரம் வரை, நெல்லுக்கு மிகவும் தாராளமான காலம். அடித்தண்டிலிருந்து பக்கக் கிளைகள் கிளம்பி ஒரு செடி பல செடியாகும். பயிர் குட்டையாக இருப்பதால் எளிதில் மூழ்கும், அதே நேரம் இழந்ததை ஈடுகட்ட நாள் கையில் இருக்கும். மூன்று நான்கு நாளில் தண்ணீர் வடிந்தால் இலை கருகினாலும் அடிக்குருத்து புதிதாகத் தள்ளும். அறுவடை ஒரு வாரம் பிந்தலாம், மட்டம் சில குறையலாம், அவ்வளவுதான். 2025 நவம்பர் கடைசியில் டிட்வா புயல் கொண்டுவந்த வெள்ளம் பல வயல்களைப் பிடித்தது இப்படியான இளம் வயதில். ஆனால் மலையிலிருந்து மண்ணும் மணலும் அடித்து வந்து வயலை மூடிய இடங்களில் இந்தக் கணக்கு செல்லாது. குருத்தே மண்ணுக்குள் போன பிறகு துளிர்ப்பதற்கு என்ன இருக்கிறது?

குடலைப் பருவம், அதாவது கதிர் இன்னும் இலையுறைக்குள் உருவாகிக்கொண்டிருக்கிற காலம், வேறு கதை. கதிர் வெளியே வருவதற்குச் சுமார் நான்கு வாரம் முன்பே அது தண்டின் அடியில், கண்ணுக்குத் தெரியாத அளவில், உருவாகத் தொடங்கிவிடும். எத்தனை மணி பிடிக்கலாம் என்ற உச்சவரம்பு அங்கேயே எழுதப்படுகிறது. பிறகு குடலை உருண்டு வரும்போது, பூப்பதற்குப் பத்துப் பன்னிரண்டு நாள் முன்னர், மகரந்தம் உருவாகிறது. இந்த நாட்களில் மூழ்கினால் செடி உயிரோடு இருக்கும், பச்சையாக இருக்கும், கதிரும் தள்ளும். கதிரின் நுனி வெள்ளையாகச் சுருங்கியிருக்கும், மற்ற மணிகளும் மலடாகப் போயிருக்கும். 2018 டிசம்பரின் பிற்பகுதியில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறந்து கிளிநொச்சி வெள்ளத்தில் நின்றபோது, ஒக்டோபர் நடுவில் விதைத்த மூன்றரை மாத நெல் ஏறக்குறைய இந்த வயதில் இருந்திருக்கும்.

பூக்கிற பருவத்தில் தாங்குதிறன் மிகமிகக் குறைவு. நெற்பூ பெரும்பாலும் காலை ஒன்பது மணியிலிருந்து நண்பகலுக்குள் திறந்து, ஒரு மணித்தியாலம் போல விரிந்திருந்து மூடிக்கொள்ளும். மகரந்தம் உயிரோடிருப்பது சில நிமிடம்தான். ஒரு கதிர் மேலிருந்து கீழாகப் பூத்து முடிய ஒரு வாரம் ஆகும். அந்த வாரத்தில் இரண்டு நாள் கதிர் தண்ணீருக்குள் இருந்தால் அந்த இரண்டு நாளில் திறக்க வேண்டிய பூக்கள் எல்லாம் பதர். திரும்பப் பூக்கச் சொல்ல முடியாது. மட்டம் வெடிக்கும் வயதில் ஐந்து நாள் மூழ்கியதைவிட, பூக்கும் வயதில் இரண்டு நாள் மூழ்கியது பெரிய இழப்பாவது இப்படித்தான். தொடர்ந்து காலை நேரத்தில் கொட்டும் அடைமழைகூட, வெள்ளமே இல்லாமல், இதில் ஒரு பங்கைச் செய்துவிடும்.

பால் பிடித்து மணி முற்றுகிற காலத்தில் மேல் இலைதான் தொழிற்சாலை. அது சேறு பூசி நின்றுவிட்டால் மணி பாதியில் நிற்கும். நெல் எடை குறையும், குத்தும்போது அரிசி நொறுங்கும்.

முற்றிய கதிரை வெள்ளம் கொல்வதில்லை, கெடுக்கிறது. கதிர் கனத்தில் பயிர் சாய்ந்து தண்ணீரில் படுத்துவிட்டால் நெல்மணி செடியில் இருந்தபடியே முளைவிடத் தொடங்கும். முளை கண்ட நெல் விதைக்கும் உதவாது, ஆலைக்கும் உதவாது. முளைக்காவிட்டாலும் பூஞ்சணம் பிடித்துக் கறுக்கும். வெட்டு இயந்திரம் சேற்றில் புதையும் என்பதால் நாள் தள்ளிப்போகும், தள்ளிப்போகிற ஒவ்வொரு நாளும் மணி உதிரும். அப்படியும் வெட்டி எடுத்தால் ஈரம் பெரிய பிரச்சினை. நெல்லைப் பத்திரமாக வைக்க ஈரப்பதன் 14 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது. ஈர நெல்லைக் குவித்தால் உள்ளே சூடேறி மஞ்சளாகும். வெயில் வந்த நாட்களில் கிழக்கின் பெரிய தெருக்களில் ஒரு கரை முழுக்க நெல் பரப்பியிருப்பதைப் பார்த்தவர்களுக்கு இந்த அவசரம் புரியும். 2011 ஜனவரியிலும் பெப்ரவரியிலும் அடுத்தடுத்து வந்த வெள்ளங்கள் மட்டக்களப்பு, அம்பாறைப் பயிரைப் பிடித்தது அறுவடையை அண்டிய இந்தக் கட்டத்தில்தான். அந்த வருடப் பெரும்போகத்தில் கிழக்கு இழந்தது அவ்வளவு பெரிதாக இருந்ததற்கு, பெய்த மழையின் அளவோடு அந்தத் தேதிகளும் காரணம்.

ஒரு சின்னக் கணக்கு

விளைச்சல் என்பது நான்கு எண்களின் பெருக்கம். ஒரு சதுர மீற்றரில் எத்தனை கதிர், ஒரு கதிரில் எத்தனை மணி, அதில் எத்தனை சதவீதம் நிரம்பியது, ஆயிரம் மணி என்ன எடை. கற்பனையாக ஒரு நல்ல வயலை எடுப்போம். 250 கதிர், கதிருக்கு 90 மணி, 80 சதவீதம் நிரம்பியது, ஆயிரம் மணி 25 கிராம். பெருக்கினால் சதுர மீற்றருக்கு 450 கிராம், அதாவது எக்டேருக்கு 4.5 தொன். நம் ஊர்க் கணக்கில் ஏக்கருக்கு 87 புசல் (ஒரு புசல் சுமார் 21 கிலோ நெல்) அளவு வரும்.

இதே வயல் மட்டம் வெடிக்கும் வயதில் மூழ்கி, கதிர் 250இலிருந்து 180 ஆகக் குறைந்தது என்று வைப்போம். மிஞ்சிய செடிகளுக்கு இடமும் பசளையும் கூடக் கிடைக்கும், ஒரு கதிரில் 105 மணி வரை பிடிக்கலாம். 180, 105, 80 சதவீதம், 25 கிராம்: எக்டேருக்கு 3.8 தொன், ஏக்கருக்கு 73 புசல். நான்கில் ஒரு பங்குக்கு மேல் கதிர் போயும் விளைச்சலில் ஆறில் ஒரு பங்குதான் குறைந்தது.

இப்போது பூக்கும் வயதில் மூழ்கியதாக எடுங்கள். கதிர் 250, மணி 90, இரண்டும் அப்படியே இருக்கின்றன. நிரம்பியது மட்டும் 80இலிருந்து 30 சதவீதமாக விழுகிறது. எக்டேருக்கு 1.7 தொன், ஏக்கருக்கு 33 புசல். ஈடுகட்ட அந்த வயதில் எந்த எண்ணும் மிச்சமில்லை. தெருவில் நின்று பார்ப்பவருக்கு இந்த வயல்தான் முந்தியதைவிட அழகாகத் தெரியும் என்பது இதில் கொடுமை. பதர்க் கதிர் பாரமில்லாததால் நேராக நிமிர்ந்து நிற்கும்.

வடியாத தண்ணீரும் கொழும்பைச் சுற்றிய வயல்களும்

இதுவரை சொன்னது வந்து போகிற வெள்ளம். ஓர் அடி, ஒன்றரை அடித் தண்ணீர் வாரக்கணக்கில் தேங்கி நிற்பது இன்னொரு வகை. இலை வெளியே இருப்பதால் செடி சாகாது, ஆனால் மட்டம் குறைவாகவே வெடிக்கும், தண்டு நீண்டு மெலிந்து கடைசியில் சாயும். மட்டக்களப்பில் வாவியின் முகத்துவாரத்தை அடைத்திருக்கும் மணல்திட்டை வெட்டிவிடும்வரை, வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையின் வயல்களின் தண்ணீர் கடலுக்குப் போக வழி குறைவு. எப்போது வெட்டுவது என்பது ஒவ்வொரு வருடமும் மீன்பிடிப்பவர்களுக்கும் கமக்காரர்களுக்கும் இடையில் பேச்சாகும் விஷயம்.

தேங்கிய தண்ணீர் மண்ணின் வேதியியலையும் மாற்றிவிடும். ஒட்சிசன் இல்லாத சேற்றில் நைத்திரேற்று வாயுவாகிக் காற்றோடு போய்விடும், போட்ட யூரியாவின் பலன் குறையும். மண்ணிலுள்ள இரும்பு கரையக்கூடிய வடிவத்துக்கு மாறும். அது அளவுக்கு மீறினால் இலையில் செம்பழுப்புப் புள்ளிகள் விழுந்து பயிர் குன்றும். இந்த இரும்பு நஞ்சு கொழும்பு, கம்பஹா, களுத்துறை, காலி, மாத்தறைப் பக்கத்துத் தாழ்நில ஈரவலய வயல்களின் பழைய நோய். சுற்றியுள்ள செம்மண் மேடுகளிலிருந்து ஊறி வரும் இரும்புத் தண்ணீர் வடிகால் இல்லாத தாழ்வில் தேங்குவதே காரணம். களுத்துறை மாவட்டத்து பொம்புவெல நெல் ஆராய்ச்சி நிலையம் 'பி.டபிள்யூ' என்று தொடங்கும் தன்னுடைய இனங்களை இந்தச் சூழலுக்கென்றே உருவாக்கி வருகிறது.

கொழும்பு மாவட்டத்தில் வயல் இருக்கிறதா என்று சிரிப்பவர்கள் கடுவெல, ஹோமாகம, ஹங்வெல்ல பக்கம் ஒருமுறை பஸ்ஸில் போய் வரட்டும். தலங்கம குளத்தைச் சுற்றி, பத்தரமுல்லை வீடுகளுக்கு நடுவிலேயே இன்னும் நெல் விளைகிறது. கைவிடப்பட்டுப் புல் மண்டிப்போன வயல்கள் அதைவிட அதிகம். களனி கங்கை பெருகும்போது அந்தத் தாழ்நிலங்கள் தண்ணீரை வாங்கி வைத்துக்கொள்வதால்தான் நகரத்தின் மற்றப் பகுதிகள் தப்புகின்றன. 2018இல் கொழும்புக்கு, ஈரநிலங்களைக் காக்கும் ராம்சார் சர்வதேச உடன்படிக்கையின் கீழ், ஈரநில நகரம் என்ற அங்கீகாரம் கிடைத்ததில் இந்த வயல்களுக்கும் சதுப்புகளுக்கும் பங்கு உண்டு. மண் போட்டு நிரப்பி மதில் கட்டிய ஒவ்வொரு துண்டு வயலின் தண்ணீரும் கொலன்னாவையிலோ வெல்லம்பிட்டியிலோ யாருடைய வீட்டுக்குள்ளாவது ஏறத்தான் செய்யும்.

தாங்குகிற நெல்

நெல்லுக்குள் இரண்டு எதிரெதிரான உத்திகள் இருக்கின்றன. ஒன்று ஓட்டம். வங்காளதேசம், தாய்லாந்து, கம்போடியாவின் ஆழ்நீர் நெல் இனங்கள் தண்ணீர் ஏற ஏறத் தண்டை நீட்டிக்கொண்டே போகும், ஒரு நாளில் 20 முதல் 25 சென்ரிமீற்றர் வரைகூட. அதற்குக் காரணமான இரண்டு மரபணுக்களை 2009இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் அடையாளம் கண்டு, முக்குளிப்பவர்கள் மூச்சுவிடும் குழாயின் பெயரையே வைத்து 'ஸ்நோர்க்கல்' என்றார்கள்.

மற்றது அடங்கிக் கிடப்பது. ஒடிசாவின் பழைய இனம் ஒன்றிலிருந்து தேர்ந்தெடுத்த 'எஃப்.ஆர். 13ஏ' என்ற நெல் இரண்டு வாரம் மூழ்கியும் பிழைத்தது. அதன் ரகசியம் 'சப் 1ஏ' என்ற மரபணு என்று 2006இல் வெளிவந்த ஆய்வில் டேவிட் மக்கில், பமீலா ரொனால்ட், ஜூலியா பெய்லி-செர்ரஸ் ஆகியோரின் குழு காட்டியது. எதிலீன் கூடியதும் இந்த மரபணு விழித்து, ஜிபரெலினின் பேச்சைச் செடி கேட்காதபடி செய்துவிடும். செடி நீளாது, மாச்சத்துச் செலவாகாது. தண்ணீர் வடிந்ததும் மிச்சமிருக்கிற இருப்பை வைத்து மீண்டும் துளிர்க்கும். பிலிப்பைன்சிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் இதை 'ஸ்வர்ணா' என்ற பிரபலமான இந்திய நெல்லுக்குள் பழைய கலப்பு முறையிலேயே கொண்டுவந்தது. 'ஸ்வர்ணா சப் 1' 2009இல் இந்தியாவில் வெளியிடப்பட்டது.

இதில் நமக்கும் ஒரு பங்கு உண்டு. வெள்ளம் தாங்கும் நெல்லைத் தேடி உலக விதைச் சேகரங்களைச் சோதித்தபோது எஃப்.ஆர். 13ஏயோடு முன்வரிசையில் வந்தவை இலங்கையின் பழைய இனங்கள்: குர்கருப்பன், தவளு, கொட ஹீனட்டி. சாய்கிற, குறைவாக விளைகிற பழைய நெல் என்று நம் வயல்களிலிருந்து ஒதுங்கிப்போன இனங்கள் இவை.

சப் 1 வந்துவிட்டது, இனி வெள்ளத்துக்குப் பயமில்லை என்று சில கட்டுரைகள் எழுதுவதை நம்ப வேண்டாம். அது இளம் பயிரை, முழுதாக மூழ்கிய சுமார் இரண்டு வாரத்துக்குக் காப்பாற்றும். விதை முளைக்கும்போது உதவாது, மாதக்கணக்கில் தேங்கும் தண்ணீரில் உதவாது, பூக்கும்போது கதிர் மூழ்கினால் அதற்கும் ஒன்றும் செய்யாது.

வடிந்த பிறகு

தண்ணீர் இறங்கியதும் முதல் வேலை வாய்க்காலைத் திறந்து வயலை வடியவிடுவது. பிறகு பொறுமை. நாலைந்து இடத்தில் செடியைப் பிடுங்கி அடித்தண்டைக் கத்தியால் பிளந்து பார்த்தால், குருத்து வெள்ளையாக விறைப்பாக இருந்தால் உயிர் இருக்கிறது. பழுத்துக் கொழகொழவென்று நாறினால் இல்லை. புது வேர் வெள்ளையாக வெளிவருவதும் நல்ல அடையாளம். பதைபதைத்து உடனே யூரியா எறிவதில் பயனில்லை, வேர் பழுதான செடியால் அதை எடுக்க முடியாது. ஒரு வாரம் பத்து நாள் கழித்துப் புது இலை தெரிந்த பிறகு போடுவதே பிரயோசனம். அப்போதும் அளவோடு, ஏனென்றால் காயம்பட்ட இலையில் பற்றீரிய வெளிறல் நோய் தொற்ற அதிகத் தழைச்சத்து வழிவிடும்.

திரும்ப விதைப்பதா என்பதுதான் கடினமான முடிவு. அது வயலைவிட நாட்காட்டியைப் பொறுத்தது. இலங்கை நெல் இனங்களின் எண்ணிலேயே வயது இருக்கிறது: குருநாகல் மாவட்டத்து பத்தலகொட நெல் ஆராய்ச்சி நிலையத்தின் பி.ஜி. 300 மூன்று மாதம், பி.ஜி. 352 மூன்றரை, பி.ஜி. 403 நான்கு, பி.ஜி. 250 இரண்டரை. நவம்பர் கடைசியில் அழிந்த வயலில் மூன்றரை மாத நெல்லை மறுபடி விதைத்தால் பங்குனி நடுப்பகுதிக்குப் போகும். மழை அதற்கு முன்னரே ஓய்ந்திருக்கும், குளத்துத் தண்ணீர் கிடைத்தால் மட்டுமே கதிர் முற்றும். மானாவாரி வயலென்றால் இரண்டரை மாத, மூன்று மாத நெல்தான் வழி. அதன் விதைநெல் அந்த வாரத்தில் கமநல சேவைகள் நிலையத்தில் கையிருப்பில் இருக்க வேண்டும். எல்லோரும் ஒரே வாரத்தில் அதைத்தான் தேடி வருவார்கள். ஆகவே பாதிக்கு மேல் செடி உயிரோடு இருந்தால் பல கமக்காரர்கள் அழிக்காமல் விடுகிறார்கள். இடைவெளி விழுந்த வயலில் மிஞ்சியவை கூடுதலாக மட்டம் வெடிக்கும். பிந்தி வந்த மட்டங்கள் பிந்தியே முற்றும் என்பதால் அறுவடையன்று பச்சையும் பழுப்பும் கலந்துதான் மூடையில் ஏறும்.